பாலாடையில் கரைந்த பித்தக்கல்

நாகூரைத் தாண்டி வடக்கே காரைக்கால் போகும் பேருந்தில் தமிழ்நாடு முடிந்துவிட்டது என்று நடத்துநர் சொல்ல வேண்டியதில்லை. சாலையோர மதுக்கடைப் பலகைகளே அதைச் சொல்லிவிடும். அதுதான் வாஞ்சூர். அங்கிருந்து கடலைப் பார்த்துக் கிடப்பது கீழவாஞ்சூர். 2009ல் அங்கே துறைமுகம் வந்தது. 2023ல் அது அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. ஆனாலும் வாஞ்சூர் என்றதும் டெல்டா ஆட்களின் நினைவுக்கு முதலில் வருவது கப்பலும் நிலக்கரியும் அல்ல, எல்லையோரத்துக் கடைகள்தான்.

அந்தக் கடைகளுக்குப் பல ஆண்டு நடந்தவர்களில் சிலருடைய கண்ணின் வெள்ளை ஒருநாள் மஞ்சளாகிறது. அதை முதலில் பார்ப்பது அவரல்ல, மனைவியோ டீக்கடைக்காரரோ பார்த்துச் சொல்கிறார்கள். 'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்ற பழமொழி இந்த இடத்தில் பிசகிவிடுகிறது. காமாலைக்காரருக்கு உலகம் எப்போதும்போலத்தான் தெரியும். மஞ்சள் தெரிவது எதிரே நிற்பவருக்கு.

வாஞ்சூரிலிருந்து நாகூருக்கு நடந்தே போய்விடலாம். அந்த வட்டாரத்துக் கடைத்தெருக்களில் இருக்கும் நாட்டு மருந்துக் கடைகளில் இதே மஞ்சளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் ஏராளம். அங்கே அதன் பெயர் கோரோசனை.

கோரோசனை என்பது மாட்டின் பித்தப்பையில் உறைந்த கல். எல்லா மாட்டிலும் இருக்காது. பெரும்பாலும் வயதான மாட்டில்தான் அகப்படும். அறுத்தவர் பித்தப்பையை விரலால் அழுத்திப் பார்க்கும்போது உள்ளே கெட்டியாக உருண்டால் கல் இருக்கிறது என்று பொருள். எடுத்த உடனே ஈரமாக, மெத்தென்று இருக்கும். நிழலில் காய வைத்தால் செம்மஞ்சள் நிறத்தில் இறுகும். உடைத்துப் பார்த்தால் வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு அடுக்கும் அந்த மாடு உழுத காலத்தில், வண்டி இழுத்த காலத்தில் படிந்தது. நாவில் வைத்தால் முதலில் கசப்பு, பின்னால் மெல்லிய இனிப்பு.

டெல்டா வீடுகளில் பிள்ளை பிறந்தால் உரைகல் அலமாரியை விட்டு இறங்கும். சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுட்ட வசம்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கல்லில் இத்தனை சுற்று என்று கணக்கு வைத்து உரைப்பார்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே ஒரு பெயர் உண்டு. பொழுது சாய்ந்துவிட்டால் அதன் சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், 'பேர் சொல்லாதது' என்பார்கள். சளி கட்டிப் பிள்ளை நெஞ்சு இழுத்தாலோ, மாந்தம் என்றாலோ, ஜன்னி கண்டுவிடுமோ என்று பயந்தாலோ கோரோசனை மாத்திரை வெளியே வரும். தாய்ப்பாலைக் கல்லில் நாலு சொட்டு விட்டு மாத்திரையை இழைத்தால் பால் இளமஞ்சளாக மாறும். அதை விரலால் வழித்துப் பாலாடையில் சேர்த்து, பிள்ளையின் கடைவாயில் சாய்த்து ஊற்றுவாள் பாட்டி. பிள்ளை முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்பைப் பார்த்தால்தான் மருந்து உள்ளே போயிற்று என்று அவளுக்குத் திருப்தி.

கன்று ஈன்ற பசுவைத் தாயாகக் கும்பிடும் வீட்டிலும், அறுத்த மாட்டின் பித்தப்பையில் கிடந்த கல் பச்சிளம் பிள்ளையின் நாக்குக்குப் போனது. நெற்றித் திலகத்துக்கும் ஆனது. யந்திரம் எழுதுவோருக்கு மையும் ஆனது. எங்கிருந்து வந்தது என்ற கேள்வி யாருக்கும் எழாமல் இல்லை. அதற்கான பதிலை நீதிவெண்பா என்றைக்கோ எழுதி வைத்துவிட்டது. சேற்றில் வந்த தாமரை, சிப்பியில் வந்த முத்து, புழு தந்த பட்டு, பூனை தந்த புனுகு என்று பிறந்த இடத்தை வைத்து நல்லோர் இகழாத பொருள்களை அந்நூல் வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் கோரோசனையும் இருக்கிறது. மருந்துக் கடையில் இருந்த பொருள் நீதிநூலில் பிறப்பின் ஏற்றத்தாழ்வுக்கு எதிரான சாட்சியாக நின்றதை இந்தக் கல்லின் பெரிய மரியாதையாகவே கொள்ள வேண்டும்.

கேரளத்தில் இதே கல் கோரோசனாதி குளிகைக்குப் போகிறது. சீனர்களிடம் அதன் பெயர் நியூஹுவாங், அதாவது மாட்டு மஞ்சள். பக்கவாதத்துக்கும் கடும் காய்ச்சலுக்கும் அவர்கள் கொடுக்கும் புகழ்பெற்ற மாத்திரைகளில் அது முதல் சரக்கு. நகத்தில் தேய்த்துப் பார்ப்பது அங்கே பழைய சோதனை. மஞ்சள் ஏறி நகத்தைப் பற்றிக்கொண்டால் அசல் என்பார்கள். அந்தச் சந்தையின் பசியால்தான் நல்ல பித்தக்கல்லின் விலை எடைக்கு எடை தங்கத்தையே தாண்டியது. பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் இறைச்சிக் கூடங்களில் அகப்படும் கல் ஹாங்காங் போய்ச் சேர்கிறது. இந்த விலைக்குப் பிறகு, சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மாத்திரையில் அசல் கோரோசனை எவ்வளவு இருக்க முடியும் என்று யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கல்லில் என்னதான் இருக்கிறது? பித்த உப்புகள், கொழுப்பு, சுண்ணாம்புச் சத்து எல்லாம் உண்டு. ஆனால் நிறத்தையும் பெயரையும் தருவது பிலிருபின் என்ற ஒற்றைப் பொருள். அது உடம்புக்கு வெளியிலிருந்து வருவதில்லை. இரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. முதிர்ந்த அணுவை மண்ணீரலும் கல்லீரலும் பிரித்துப் போடுகின்றன. இரும்பைத் திருப்பி எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது முதலில் பச்சையாகிறது, பிறகு மஞ்சளாகிறது. பச்சை பிலிவெர்டின், மஞ்சள் பிலிருபின். இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வாசல்படியில் இடித்துக்கொண்ட முழங்காலைத் தினமும் பார்த்தால் போதும். முதல் நாள் கருநீலமாகக் கன்றியிருக்கும் இடம் நாலைந்து நாளில் ஓரம் பச்சையாகி, வாரக் கடைசியில் மஞ்சளாகி மறையும். உள்ளே நடக்கும் வேதியியல் தோலின்மேல் எழுதிக் காட்டப்படுகிறது.

நாளொன்றுக்கு ஒருவர் உடம்பில் 250 முதல் 300 மில்லிகிராம் வரை பிலிருபின் உண்டாகிறது. அது தண்ணீரில் கரையாது. அதனால் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் முதுகில் ஏறிக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதனுடன் குளுக்குரோனிக் அமிலத்தைக் கோத்துக் கரையும்படி ஆக்கிப் பித்தநீரில் இறக்குகிறது. குடலில் நுண்ணுயிரிகள் அதை மேலும் மாற்றுகின்றன. மலத்தின் பழுப்பும் சிறுநீரின் மஞ்சளும் அந்த மாற்றத்தின் நிறங்கள். வழியில் எங்கே அடைத்தாலும் மஞ்சள் இரத்தத்தில் தேங்குகிறது. இயல்பாக ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் நிற்க வேண்டியது 3ஐத் தொட்டால் கண்ணில் தெரிந்துவிடும். பித்தப்பைக்குள்ளேயே அது சுண்ணாம்போடு சேர்ந்து உறைந்தால் கல். மாட்டுக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் இப்படி நிறமிக் கற்கள் வருவதுண்டு.

இந்தக் கணக்கு இப்படித் தெளியப் பல நாட்டுக் கைகள் வேண்டியிருந்தன. வாஞ்சூர்க் கரையில் அவற்றில் மூன்று அடுத்தடுத்து இருந்தன என்பதுதான் இந்த இடத்தின் தனிச்சிறப்பு. சித்தர் மருத்துவம் வாதம், பித்தம், ஐயம் என்று உடம்பை மூன்றாக வகுத்தது. குதிகால் வெடித்தாலும் பித்தம், இளமையில் நரைத்தாலும் பித்தம், புத்தி பேதலித்தாலும் பித்தம் என்று தமிழர் வாழ்க்கையில் அந்தச் சொல் புகாத இடமில்லை. தர்கா ஊரான நாகூரின் பக்கம் இன்னொரு மரபு. கிரேக்கரிடமிருந்து அரபு வழியாக வந்த யுனானி மஞ்சள் பித்தத்தை ஸஃப்ரா என்று சொல்லி, நான்கு திரவங்களில் ஒன்றாக வைத்தது.

மூன்றாவது பிரெஞ்சுக்காரருடையது. 1739ல் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து காரைக்கால் அவர்கள் கைக்கு வந்தது. நடுவில் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டு 1817ல் திருப்பித் தந்தார்கள். அதற்கு ஓரிரு ஆண்டு முன்னால்தான் பாரிஸில் செவ்ரல் என்ற வேதியியலாளர் மனிதப் பித்தக்கல்லிலிருந்து எடுத்த வெண்கொழுப்புக்குக் கொலஸ்டரின் என்று பெயர் வைத்திருந்தார். இன்று ஊரெல்லாம் அளந்து பார்க்கும் கொலஸ்ட்ரால் பிறந்தது பித்தக்கல்லில். புதுச்சேரியில் 1823ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் ஜிப்மரின் வேர். அதன் கிளை 2016ல் காரைக்காலுக்கு வந்தது.

மஞ்சளுக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மானியர் ஸ்டேடலர். 1864ல் பித்தக்கல்லில் இருந்து அதைப் பிரித்தெடுத்து பிலிருபின் என்றார். பிலிஸ் என்றால் பித்தம், ரூபர் என்றால் சிவப்பு. அதன் கட்டமைப்பை முழுதும் அவிழ்த்து 1942ல் செயற்கையாகச் செய்து காட்டியவர் ஹான்ஸ் ஃபிஷர். இரத்தச் சிவப்பின் வேதியியலுக்காக 1930லேயே நோபல் பரிசு வாங்கியவர் அவர். ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டிய பிலிருபினுக்கு நெடுங்காலம் மாட்டுப் பித்தக்கல்லே நல்ல மூலமாக இருந்தது. நாகூர்க் கடையின் சிமிழில் இருந்த அதே சரக்குதான் ஐரோப்பியக் குடுவைகளிலும் கரைந்தது.

பெரியவர்களுக்குக் காமாலை வந்தால் கோரோசனையைத் தேட மாட்டார்கள், கீழாநெல்லியைத் தேடுவார்கள். கீழவாஞ்சூரின் 'கீழ' கிழக்கைக் குறிக்கிறது, கடல் பக்கம். கீழாநெல்லியின் 'கீழ்' இலைக்கு அடியைக் குறிக்கிறது. நெல்லி போன்ற சின்னஞ்சிறு காய்கள் இலைக்காம்பின் கீழ் வரிசையாகத் தொங்கும். வயல் வரப்பிலும் கொல்லையிலும் மழைக்குப் பின் தானே முளைக்கும் செடி அது. வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் அரைத்து நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். எண்ணெய் ஆகாது, உப்பில்லாப் பத்தியம். காசு வாங்காமல் இந்த மருந்தைக் கொடுக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருந்தன, இன்றும் இருக்கின்றன. மறுபக்கம், கையில் சூடு போட்டுக் காமாலையை இறக்குகிறேன் என்ற கொடுமையும் இருந்தது. அந்தத் தழும்போடு நடமாடும் முதியவர்களை இன்னும் பார்க்கலாம்.

கீழாநெல்லியைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனது சென்னை. ஹெபடைடிஸ் பி வைரசைக் கண்டறிந்து 1976ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் கைகோத்தார்கள். தியாகராஜன் பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர். 1988ல் லான்செட் இதழில் அவர்களுடைய ஆய்வு வெளிவந்தது. அந்த வைரசை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களில் 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள்; 23 பேருக்கு வெறும் பொடி. செடி சாப்பிட்டவர்களில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் பொடிக்காரர்களில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி. வரப்புச் செடி உலக மருத்துவத்தின் முன்வரிசைக்கு வந்த நேரம் அது.

பிறகு தாய்லாந்து முதலான இடங்களில் மறுபடி செய்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. கெட்ட தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். ஆனால் கர்ப்பிணிக்கு ஈ வகை வந்தால் உயிருக்கே ஆபத்து. பித்தக்குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்திருந்தால் மோரும் பத்தியமும் செய்வதற்கு எதுவுமில்லை, காலம்தான் கழியும். கீழாநெல்லி கொடுக்கும் கைகளின் நல்ல மனதை மதித்துக்கொண்டே, 'முதலில் இரத்தம் பரிசோதித்துப் பாருங்கள்' என்று சொல்லிவிட வேண்டும்.

எல்லைக் கடைகளுக்குத் திரும்பினால் கதை கனக்கிறது. ராஜாஜி 1937ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948ல் மதராஸ் மாகாணம் முழுதும் வந்தது. அந்தச் சட்டம் வாஞ்சூர் எல்லையில் நின்றுவிட்டது. அப்பால் பிரெஞ்சு மண். 1954ல் அந்த ஆட்சி போன பிறகும் புதுச்சேரிப் பகுதிக்குத் தனிச் சட்டம், தனி வரி. சட்டத்தில் இருந்த வேறுபாடு பிறகு விலையில் மட்டும் இருக்கும் வேறுபாடாக மாறியது. கால் அந்தப் பக்கம் நடப்பது மாறவில்லை. குடியால் தழும்பேறிய கல்லீரல் பிலிருபினைக் கோக்க முடியாமல் கைவிடும்போது கண் மஞ்சளாகிறது. அந்த மஞ்சள் தொடக்கத்தின் அடையாளம் இல்லை, வெகுதூரம் வந்துவிட்டதன் அடையாளம். மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்பவர்களில் யார் நிலை மோசம் என்று மருத்துவர்கள் போடும் கணக்கில் பிலிருபின் ஒரு முக்கிய எண். நீதிவெண்பா மதித்த மஞ்சள், இங்கே ஒரு குடும்பத்துக்கு எத்தனை மாதம் மிச்சம் என்று சொல்லும் எண்ணாகி நிற்கிறது.

நெடுநாள் வரை இதை வெறும் கழிவென்றே நினைத்தார்கள். 1987ல் அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. செல்களை அரிக்கும் ஆக்சிஜன் சிதைவுகளை பிலிருபின் தடுக்கிறது என்று அந்த ஆண்டு சயன்ஸ் இதழில் ஒரு குழு காட்டியது. 1901ல் பாரிஸ் மருத்துவர் கில்பெர் விவரித்த ஒரு தன்மை உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே பிலிருபின் சற்றுக் கூடுதலாக இருக்கும், பட்டினி கிடந்தால் கண் லேசாக மஞ்சள் தட்டும், வேறு தீங்கில்லை. அவர்களுக்கு இதய நோய் குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 2025ல் இன்னொரு செய்தி: மலேரியா ஒட்டுண்ணியை எதிர்த்து உடம்பு பிலிருபினைப் பயன்படுத்துகிறது, அதை உண்டாக்க முடியாத எலிகள் மலேரியாவில் மடிகின்றன. காமாலையை மலேரியாவின் கேடாக மட்டுமே பார்த்த மருத்துவம், அதில் ஒரு பங்கு தற்காப்பாக இருக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கியிருக்கிறது. இதையெல்லாம் வைத்துக் கோரோசனைக்கு வக்காலத்து வாங்க முடியாது. வாய்வழி போகும் துளியளவு பிலிருபின் பிள்ளையின் இரத்தத்தில் என்ன செய்யும் என்பதற்கு இவற்றில் எதுவும் சான்றல்ல.

பிள்ளையிடம் ஏற்கெனவே அது வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கும், குறைமாதக் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் ஏறுகிறது. வயிற்றில் இருந்தபோது தாயின் கல்லீரல் செய்த வேலையைச் சொந்தக் கல்லீரல் கற்றுக்கொள்ளச் சில நாள் ஆகும். குடலில் பிலிருபினை மாற்றும் நுண்ணுயிரி நொதி எது என்பதே 2024ல்தான் தெரிந்தது. பிறந்து சில மாதம் வரை பல குழந்தைகளின் குடலில் அது இருப்பதில்லை. அளவு மீறினால் மஞ்சள் மூளைக்குள் இறங்கிக் காதையும் கைகால் அசைவையும் வாழ்நாள் முழுதும் கெடுத்துவிடும்.

பாட்டிமார் இதைக் கவனித்தார்கள். பிள்ளையின் மூக்கு நுனியை, நெற்றியை விரலால் அழுத்தி எடுத்து, வெளிறிய இடத்தில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். குழந்தை மருத்துவரும் செய்வது அதையேதான். மஞ்சள் முகத்தில் தொடங்கி வயிற்றுக்கும் பாதத்துக்கும் இறங்க இறங்க ஆபத்து கூடுகிறது என்று அவருக்குத் தெரியும். உள்ளங்கால் மஞ்சளானால் அவர் காத்திருக்க மாட்டார். எண்ணெய் தேய்த்த பிள்ளையை இளவெயிலில் காட்டுவதும் நம் வீட்டு வழக்கம். 1956 கோடையில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியரும் அப்படித்தான் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோனார். ஒரு குழந்தையின் உடம்பெல்லாம் வெளுத்து, துணி மூடிய ஒரு முக்கோணம் மட்டும் மஞ்சளாகவே நின்றதை மருத்துவர்களுக்குக் காட்டினார். பிறகு, ஜன்னலோர வெயிலில் விட்டுவிட்ட இரத்தக் குழாயில் பிலிருபின் குறைந்திருந்ததும் தெரிந்தது. 1958ல் ரிச்சர்ட் கிரெமரும் நண்பர்களும் அதை லான்செட்டில் எழுதினார்கள். குழந்தைப் பிரிவுகளில் எரியும் நீல விளக்கு அப்படி வந்தது. அளவறியாத வெயில் அந்த விளக்குக்கு ஈடாகாது. பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர கோரோசனை உட்பட எதுவும் வேண்டாம் என்பதும் இன்றைய மருத்துவத்தின் உறுதியான சொல்.

கண்ணைத் துணியால் மூடி, இடுப்புத் துணியோடு பிள்ளையை அந்த விளக்கின் கீழ் கிடத்துகிறார்கள். நீல ஒளி தோலுக்குள் இருக்கும் பிலிருபினின் வடிவத்தை வளைத்துவிடுகிறது. வளைந்தது தண்ணீரில் கரையும், கல்லீரல் கோத்துத் தருவதற்குக் காத்திராமல் பித்தநீர் வழியே குடலுக்கு இறங்கும். அதனால் ஓரிரு நாளில் பிள்ளை தண்ணீராக, பச்சை பச்சையாக வெளிக்குப் போகும். அதைப் பார்த்த பாட்டிக்கு மாந்தம் என்ற சொல்தான் முதலில் வாயில் வரும். வீட்டுச் சிமிழில் மாத்திரை இருக்கிறதா என்று மகளைக் கேட்பாள். பக்கத்தில் நிற்கும் செவிலியர் நனைந்த இடுப்புத் துணியைச் சுருட்டி வைப்பதற்கு முன், 'பயப்படாதீங்க பாட்டி, மஞ்சள்தான் இப்படி வெளியே போகுது' என்று ஒரு நிமிடம் நின்று சொல்ல வேண்டும்.